ஒரு லஸ்கரோடு ஸ்பிட்டிக்கு

நாள் 1: கால்கா – சிம்லா

இமாசலப் பிரதேசத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். மதுரையில் ரயில் ஏறி இரண்டு ராத்திரி, டில்லியில் ஒரு பகல், மறுபடி ஒரு ராத்திரி ரயில், விடிந்தால் கால்கா. இந்தப் பகுதியைப் பற்றி எழுத முதுகுவலியைத் தவிர ஒன்றுமில்லை.

கூட வருவதாக இருந்த நண்பன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டான். நான் புலம்பியதைக் கேட்ட அத்தை, "உங்க மாமாவக் கூட்டிட்டுப் போயேன்டா, ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்ல உக்காந்து என் உயிர எடுக்குறாரு" என்றார். மாமாவுக்கு 61 வயது. மானாமதுரைப் பக்கம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். தெரியாதவர்களுக்கு: ஆற்று மதகு, கண்மாய் ஷட்டர் இவற்றைத் திறந்து மூடுகிறவர்தான் லஸ்கர். வைகையில் தண்ணீர் விட்டால் ராத்திரி பூராவும் டார்ச்சும் சைக்கிளுமாகக் கரை மேலேயே கிடப்பார். எவனாவது திருட்டுத்தனமாக மடையைத் திறந்துவிட்டால் ஓடிப்போய் அடைப்பார், அடைத்ததற்குத் திட்டும் வாங்குவார். திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. டில்லியில் ஜூன் மாத வெயிலில் வேர்த்து வழிய நின்று ஸ்வெட்டருக்குப் பேரம் பேசினார்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் சின்ன ரயில். 1903இல் ஓட ஆரம்பித்தது, 96 கி.மீ., நூற்றுக்கு மேல் சுரங்கம். எல்லோரும் ஜன்னலில் பள்ளத்தாக்கைப் படம் பிடிக்க, மாமா தண்டவாளத்துக்குக் கீழே ஓடைகள் தாண்டிப் போகிற கல் வளைவுகளை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். "வெள்ளக்காரன் மதகு கட்டுன மாதிரியே பாலத்தையும் கட்டிருக்கான் மாப்ள." பரோக் சுரங்கத்துக்குள் (1,143 மீட்டர், இருப்பதில் நீளமானது) பையன்கள் கத்தினார்கள், இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிம்லாவில் அவர் முதலில் கவனித்தது மலையை இல்லை, மொட்டை மாடிகளில் இருக்கும் கறுப்புத் தொட்டிகளை. ஒரு வீட்டுக்கு நாலு, அஞ்சு. "மலைக்கு மேல ஊரக் கட்டிட்டு தண்ணிய எங்க இருந்து கொண்டாருவான்?" நல்ல கேள்விதான். கீழே பள்ளத்தில் இருக்கும் கும்மா, கிரி போன்ற இடங்களிலிருந்து பம்பு வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். 2018 கோடையில் ஊரே குடத்தோடு தெருவில் நின்றது, அப்போது சுற்றுலாப் பயணிகளையே வராதீர்கள் என்று சொல்லும் நிலை. இதைச் சொன்னதும் அன்றைக்கு ராத்திரி அரை வாளியில் குளித்தார்.

நாள் 2: சிம்லா – ரெக்காங் பியோ

அரசுப் பேருந்து. பத்து மணி நேரம். ஜன்னலோர சீட்டு, அதுவும் ஆற்றுப் பக்கம், கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்குப் போங்கள். இடுப்புக்குக் கொஞ்சம் வேதனைதான், ஆனால் டாக்ஸியில் போகிறவர்களுக்குக் கிடைக்காத கதையெல்லாம் இதில் கிடைக்கும். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பாட்டி மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு வந்தார்.

நார்கண்டா தாண்டினால் ஆப்பிள் நாடு. எல்லா மரத்துக்கும் மேலே ஆலங்கட்டி மழைக்கு வலை. இந்தப் பக்கம் இவ்வளவு ஆப்பிள் இருப்பதற்கு ஒரு அமெரிக்கர் காரணம். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904இல் வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், கோட்கரில் கல்யாணம் செய்து நிலம் வாங்கித் தங்கிவிட்டார். 1916இல் அமெரிக்க ரகக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். பிற்பாடு இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். மாமாவுக்குக் கதை பிடித்தது, ஆனால் விலையைத்தான் கேட்டார்.

கீழே இறங்கினால் சட்லஜ். சிமெண்டுக் கரைசல் நிறத்தில், கல்லை உருட்டும் சத்தத்தோடு. ராம்பூருக்கு மேலே ஜாக்ரி வந்ததும் நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன்: மேலே நாத்பாவில் இந்த ஆற்றைத் தடுத்து, மலைக்குள் 27 கி.மீ.க்கு மேல் சுரங்கம் தோண்டி, தண்ணீரை அதற்குள்ளேயே கொண்டுவந்து இங்கே விழவைத்து 1,500 மெகாவாட் எடுக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்டக்டரிடம், இவருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, கையால் கீழே காட்டி மேலே காட்டி ஏதோ கேட்டார். கண்டக்டரும் கையாலேயே பதில் சொன்னார். "ஷட்டர் எத்தனைன்னு கேட்டேன், அஞ்சுங்குறான்" என்றார் என்னிடம். உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஐந்து விரலைத்தான் காட்டினார், 'போய் உட்கார்' என்பதாகவும் இருக்கலாம்.

ஜியோரிக்கு அப்புறம் சாலை மலையைக் குடைந்து போகிறது. தலைக்கு மேலே பாறை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. எல்லாப் படத்திலும் வருகிற இடம்தான். தராண்டா தேவி கோயில் முன்னால் பேருந்து நின்றது, டிரைவர் இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு மாதிரி ஏதோ வைத்துக்கொண்டு வந்தார். அந்த அரை நிமிஷம் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். காரணம் உண்டு. இதற்குக் கொஞ்சம் மேலே நிகுல்சாரியில்தான் 2021 ஆகஸ்டில் மலை சரிந்து ஒரு பேருந்தையும் சில வண்டிகளையும் மூடியது, 28 பேர் போனார்கள். அந்தச் சரிவு இப்போதும் ஆறாத புண் மாதிரி வெறும் மண்ணாகத் தெரிகிறது.

பியோ வந்தபோது இருட்டு. சாப்பிட்டுத் தூங்கினோம்.

நாள் 3: கல்பா

ஒரு நாள் சும்மா இருப்பதற்கு. மேலே போவதற்கு முன் உடம்பு பழக வேண்டும், இதில் அவசரப்பட்டால் பின்னால் அனுபவிப்பீர்கள். (நாங்கள் அனுபவித்தோம், நாளைக்கு எழுதுகிறேன்.)

கல்பா 2,960 மீட்டர். நேர் எதிரே கின்னௌர் கைலாஷ் மலைத்தொடர், கை நீட்டினால் பனி ஒட்டும் போல. முகட்டில் ஒரு தனிக்கல் நிற்கிறது, அதைத்தான் சிவலிங்கம் என்கிறார்கள். பகலில் நிறம் மாறும் என்பார்கள். நாங்கள் பார்த்தவரைக்கும் சாம்பல், மஞ்சள், சாம்பல். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்த ஊர்க்காரர் ஷ்யாம் சரண் நேகி. பள்ளிக்கூட வாத்தியார். முதல் பொதுத்தேர்தல் நாடு முழுக்க 1952 தொடக்கத்தில் நடந்தது, ஆனால் இங்கே பனி விழுந்தால் வழி அடைந்துவிடும் என்று 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு வைத்தார்கள். 25ஆம் தேதி இவர் போட்ட ஓட்டுதான் சுதந்திர இந்தியாவின் முதல் ஓட்டு என்று சொல்வார்கள். 2022 நவம்பரில் இறந்தார், அதற்கு மூன்று நாள் முன்புதான் வீட்டிலிருந்து தபால் ஓட்டும் போட்டிருந்தார். மாமா கேட்டது: "பென்சன் ஒழுங்கா வந்துச்சாமா அவருக்கு?"

சாயங்காலம் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் நடந்தோம். பாதையை ஒட்டி அரை முழ அகலத்தில் ஒரு வாய்க்கால், தெளிந்த தண்ணீர், சலசலவென்று. கூல் என்கிறார்கள். மாமா குனிந்து கையை விட்டார், உடனே எடுத்துவிட்டார். "ஐஸு!" அதற்கப்புறம் எனக்குப் பின்னால் வருவதை நிறுத்திவிட்டு வாய்க்காலுக்குப் பின்னால் போய்விட்டார். முக்கால் மணி நேரம் தேடினேன். மேலே எங்கேயோ காட்டுக்குள், ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"தலைமடை இங்க இருக்கு" என்றார், கைலாஷைப் பார்த்தபோது இருந்த அதே முகத்தோடு.

நாள் 4: பியோ – நாக்கோ

காலை ஏழு மணிக்குக் காஸா பேருந்து. கொஞ்ச தூரத்திலேயே மரம் குறைகிறது. பூ என்ற ஊரைத் தாண்டினால் சுத்தமாக இல்லை. தென்மேற்குப் பருவமழை இமயத்தின் இந்தப் பக்கச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடும், அந்தப் பக்கம் மிச்சம் மீதிதான். இது கேள்விப்பட்டதுதான், ஆனால் ஒரே ஜன்னலில் இரண்டு மணி நேரத்துக்குள் தேவதாரு காட்டிலிருந்து மொட்டை மண்ணுக்கு மாறுவதைப் பார்ப்பது வேறு.

காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு வந்து சட்லஜில் கலக்கிறது. சட்லஜ் திபெத்திலிருந்து ஒரு இடுக்கு வழியாக வருகிறது, அந்தப் பக்கம் நமக்கு வழி இல்லை. பாலத்தைத் தாண்டி ஸ்பிட்டியைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறுகிறது, வளைந்து வளைந்து. கீழே பார்த்தால் இப்போது வந்த சாலை நாடாவைக் கீழே போட்ட மாதிரிக் கிடக்கிறது.

நாக்கோ 3,660 மீட்டர். நடு ஊரில் ஒரு குட்டி ஏரி, சுற்றி வில்லோ மரங்கள், கல் வீடுகள், மாட்டுச்சாண வாசனை. 1975 ஜனவரியில் இந்தப் பகுதியில் பெரிய பூகம்பம், மடாலத்துக்கும் அடி. நான் ஏரியைச் சுற்ற, மாமா திண்ணை மாதிரி இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வாந்தி. தப்பு என்னுடையது, கல்பாவில் இரண்டு நாள் இருந்திருக்க வேண்டும். அதோடு அவரை வாய்க்காலுக்குப் பின்னால் மலை ஏற விட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மா பூண்டு போட்டு ஒரு சூப் வைத்துக் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "அத்தைக்குச் சொல்லிராத" என்றார். சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

நாள் 5: தாபோ

காலையில் மாமா தெளிந்துவிட்டார், எனக்குத்தான் தூக்கம் இல்லை. மத்தியானம் அதே காஸா பேருந்தைப் பிடித்தோம். மாலிங் ஓடைச் சரிவில் மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருக்கும், கிளீனர் இறங்கி மேலே பார்த்துக் கை காட்டினால் டிரைவர் ஒரே அழுத்து. "உள்ளுக்குள்ள ஊறல் இருக்கு மாப்ள, கரை உடையுறதுக்கு முன்னால இப்பிடித்தான் இருக்கும்" என்று அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயமா இது.

தாபோ மடாலம். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மண் பூசிய சாதாரணச் சுவர், தட்டையான கூரை, பழைய தானியக் கிட்டங்கி மாதிரி. உள்ளே போனால் இருட்டு. கண் பழக ஐந்து நிமிஷம் ஆகும். பழகியதும் நடுவில் நான்கு பக்கமும் பார்த்தபடி வைரோசன புத்தர், சுற்றிச் சுவரில் உயரத்தில் மண்ணால் செய்த உருவங்கள், பாதி உடம்பு சுவருக்குள், பாதி வெளியே, இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி. கீழே சுவர் முழுக்க ஓவியம். அந்த நீலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படம் எடுக்க அனுமதி கிடையாது, நல்லதுதான்.

இது கட்டியது 996இல். ராஜராஜன் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்த காலம். பெரிய கோயில் முடிந்தது 1010, அப்படிப் பார்த்தால் இது மூத்தது. அங்கே கருங்கல்லைக் கொண்டுவந்து அடுக்கினார்கள், இங்கே வயல் மண்ணைக் குழைத்து எழுப்பியிருக்கிறார்கள், ஆயிரம் வருஷம் ஆகியும் நிற்கிறது. வெளியே வந்து மாமா சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "நம்ம ஊர் ஐப்பசி மழை ஒண்ணு போதும், கரைஞ்சு போயிரும். மழை இல்லாததுனால நிக்குது."

அவர் சொன்னதேதான் இங்கே இருப்பவர்களுக்கும் கவலை. இப்போதெல்லாம் மழை வருகிறதாம். ஒரு லாமா கூரையில் கசிந்த இடத்தைக் காட்டினார்.

நாள் 6: காஸா

தாங்கர் மடாலத்தைக் கீழே சாலையிலிருந்தே பார்த்தோம், கறையான் புற்றின் உச்சியில் வீடு கட்டிய மாதிரி இருந்தது. பழைய காலத்தில் ஸ்பிட்டிக்குத் தலைநகரம் அதுதான். ஏறவில்லை, மாமாவை வைத்துக்கொண்டு ரிஸ்க் எடுக்க மனம் இல்லை.

காஸா ஒரு கடைத்தெரு, ஒரு பெட்ரோல் பங்க், நிறைய புல்லட். பங்கில் 'உலகின் உயரமான' என்று போர்டு, அதற்கு முன்னால் படம் எடுக்க வரிசை. துக்பா சாப்பிட்டோம். மாமா அதை 'ரசத்தில் நூடுல்ஸ்' என்றார். வெண்ணெய்த் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்காகக் கையிலேயே வைத்திருந்தார். டம்ளர் காலியாகக் காலியாக அந்த வீட்டம்மா ஊற்றுவார் என்பது எனக்குத் தெரியும், நான் குடித்து மாட்டிக்கொண்டேன். மொத்தம் நாலு டம்ளர்.

நாள் 7: மேலே ஒரு ஊர்

காஸாவிலிருந்து ஒரு வண்டி பேசிக்கொண்டு லாங்சா, ஹிக்கிம். லாங்சா 4,400 மீட்டர், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய புத்தர், பின்னால் சௌ சௌ காங் நில்டா சிகரம். சின்னப் பசங்க கையில் சுருள் சுருளாகக் கற்கள் வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மோனைட், கடல் பிராணியின் புதைபடிவம். இமயம் எழும்புவதற்கு முன் இங்கே டெதிஸ் கடல். வாங்காதீர்கள், எடுத்துக்கொண்டும் வராதீர்கள். மாமாவிடம், நம்ம பூஜையில் வைக்கிற சாளக்கிராமமும் இதே வகைதான் என்று சொன்னேனோ இல்லையோ, அந்தக் கல்லைக் கண்ணில் ஒற்றிப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இருபது ரூபாயும் கொடுத்தார்.

ஹிக்கிமில் தபால் நிலையம், 4,440 மீட்டர், 1983 முதல் நடக்கிறது. எல்லோரும் தங்களுக்கே கார்டு போட்டுக்கொள்கிறார்கள். மாமா தன் பழைய செக்‌ஷன் ஆபீஸுக்குப் போட்டார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

அதற்கப்புறம் பக்கத்தில் ஒரு ஊரில் தங்கினோம். பெயர் சொல்லப்போவதில்லை, அவர்கள் ஊர்த் தண்ணீர் விவகாரத்தை எழுதப்போகிறேன் என்பதால்.

பச்சைப் பட்டாணி வயல்கள், இப்போதுதான் பூ விடுகின்றன. மற்றபடி பார்லி. சுற்றி எங்கே பார்த்தாலும் காய்ந்த மண், நடுவில் மட்டும் பாய் விரித்த மாதிரி பச்சை. மேலே பனி உருகும் ஓடையிலிருந்து மலைச் சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டி, கிலோமீட்டர் கணக்கில் இழுத்து வந்திருக்கிறார்கள். ஊருக்கு மேலே வட்டமாக ஒரு குட்டை. ராத்திரி வருகிற தண்ணீர் அதில் நிரம்பும், காலையில் திறந்து முறை வைத்துப் பாய்ச்சுவார்கள்.

முறை என்ற வார்த்தையை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. யாருக்கு முதல் முறை? எத்தனை நாழிகை? கடைமடைக்காரன் என்ன செய்வான்? எங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், என் ஹிந்தியைவிட அவர் ஹிந்தி மோசம், ஆனாலும் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். ஊரை முதலில் உண்டாக்கிய குடும்பங்கள், 'பெரிய வீடு' என்கிறார்கள், தண்ணீர் பாத்தியதை அவர்களுடையது. மற்றவர்கள் அவர்களிடம் வாங்கித்தான் பாய்ச்ச வேண்டும், காசாகவோ உடல் உழைப்பாகவோ. அந்தப் பாத்தியதை சிதறாமல் இருக்க, நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அப்பா அம்மா 'சின்ன வீட்டுக்கு' மாறிவிடுவார்கள், இளையவன் மடாலத்துக்குப் போவான். அது அந்தக் காலம். இப்போது இளையவன் காஸாவில் டாக்ஸி ஓட்டுகிறான். எங்களைக் கொண்டுவந்து விட்ட பையனே அப்படி ஒரு இளையவன்தான்.

நான் இதைக் கேட்டுக் கொதித்தேன். முதலில் வந்தவன் பேரனுக்குப் பேரன் வரைக்கும் தண்ணீரை விற்பதா? மாமா, "ஏன், நம்ம ஊர்ல கரைவழி நெலம் யாருகிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் ஐந்தரைக்கு அவரைக் காணோம். குட்டைக்கரையில் இருந்தார், வீட்டுக்காரரோடு. குட்டையின் வாயை ஒரு தட்டைக் கல், அதற்கு முட்டாக ஒரு பழைய சாக்கு, சாக்குக்கு மேல் வேரோடு பெயர்த்த புல்கட்டி, இவ்வளவுதான் அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மண்வெட்டியால் புல்கட்டியைத் தள்ளினார். மாமா சும்மா இருக்க முடியாமல் பேண்டை மடித்துவிட்டுக் கொண்டு இறங்கி, சாக்கின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டி ஒரு திருகு திருகி இழுத்தார். தண்ணீர் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அந்தத் திருகைப் பார்த்து அவர் சிரித்தார், இவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் வாய்க்காலோடு கீழே நடந்தார்கள். ஒவ்வொரு பாத்தி வாயிலும் ஒரு கால் மண், ஒரு மிதி. பாத்தியில் தண்ணீர் புகுந்து, காய்ந்த மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. கேட்டிருக்கிறீர்களா? கறகறவென்று, மிக மெல்லிசாக, சின்னச் சின்னக் குமிழ் உடையும்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார், பனி பற்றி. அவர் சின்ன வயதில் இடுப்பு வரைக்கும் கிடக்கும், இப்போது முழங்கால் வந்தால் பெரிது. பனி இல்லாவிட்டால் ஓடை இல்லை, ஓடை இல்லாத வருஷம் பெரிய வீடு சின்ன வீடு எல்லாம் ஒன்றுதான். மாமா அவர் தோளைத் தட்டினார். கால் இரண்டும் குளிரில் நீலம் பாரித்திருந்தது, உள்ளே வந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம்.

நாள் 8: கீ, கிப்பர், சீச்சம்

எல்லோரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். கீ மடாலம் 4,166 மீட்டர், படத்தில் பார்ப்பது போலவே இருக்கிறது. கிப்பருக்கும் சீச்சத்துக்கும் நடுவில் படுபாதாளம், 2017இல் பாலம் திறந்தார்கள், அதற்கு முன் கம்பியில் தொங்கும் கூடையில் ஆளும் ஆடும் போய்வந்தார்களாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன், ஒரு தரம் போதும். வேறு ஒன்றும் இல்லை. துணி துவைத்தோம்.

நாள் 9: காஸா – மணாலி

இரண்டு நாள் கழித்துப் போடுகிறேன், காரணம் கீழே.

அரசுப் பேருந்தை விட்டுவிட்டு ஷேர் சுமோவில் போகலாம் என்றது என் புத்தி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் என்று காசு வாங்கிக்கொண்ட ஆள், சீட்டு நிரம்பட்டும் என்று எட்டரை வரைக்கும் கடைத்தெருவைச் சுற்றினான். மாமா ஆறு மணியிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "லேட்டாப் போனா ஓடையில தண்ணி ஏறிரும்னு சொல்லு." சொன்னேன். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று பதில்.

லோசர் தாண்டி குன்சும் கணவாய், 4,551 மீட்டர். கொடிகள், கோயில், ஒரு கல்லில் நாணயத்தை அழுத்தினால் ஒட்டிக்கொண்டால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. மாமாவுடையது ஒட்டியது, என்னுடையது விழுந்தது. இங்கே இந்தப் பக்கம் உருகுவது ஸ்பிட்டி வழியாகச் சட்லஜுக்கு, அந்தப் பக்கம் உருகுவது சந்திரா ஆறாகிச் செனாபுக்கு. இதைச் சொன்னதும் மாமா கணவாயின் நடுவில் போய் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். எடுத்ததில் இந்த ஒரு படத்தைத்தான் அத்தைக்கு அனுப்பச் சொன்னார்.

பாத்தலில் ராஜ்மா சாவல். அதற்கப்புறம் சாலை என்று சொல்வது மரியாதைக்காக. ஆற்றுப் படுகையில் உருண்டைக் கல். மேலேயிருந்து வரும் ஓடைகள் பல இடத்தில் பாலம் இல்லாமல் சாலை மேலேயே ஓடுகின்றன. காலையில் செருப்பு நனையும் அளவு, வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானத்துக்கு மேல் வண்டியைத் தள்ளும் அளவு. 'பாகல் நாலா', பைத்தியக்கார ஓடை, என்று இந்த மாநிலத்தில் பல ஓடைகளுக்குப் பெயர்.

எங்களுடைய பைத்தியத்தை மூன்று மணிக்குச் சந்தித்தோம். முன்னால் ஒரு கார் நடுவில் சிக்கி, தண்ணீர் கதவு மட்டத்துக்கு அடிக்கிறது. ஆட்களை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள். எங்கள் டிரைவர் ஓரமாக ஏற்றிப் பார்க்கிறேன் என்று கியரைப் போட்டான். மாமா வண்டியிலிருந்து இறங்கி முன்னால் போய் நின்றுகொண்டார். தமிழில்தான் கத்தினார், எல்லோருக்கும் புரிந்தது.

அப்புறம் ஓரத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்து வைத்தார். பத்து நிமிஷத்தில் அது நனைந்தது. அரை மணியில் முழுகியது. அதற்கு மேலே இன்னொரு கல். அதுவும் போனது. மூன்றாவது கல் அஞ்சரை வரைக்கும் காய்ந்தே இருந்தது. "இனி ஏறாது. இருட்டக் கட்டும்போது இறங்கும்" என்றார். கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பைக்கில் வந்த நாலு பசங்கள், எல்லோரும் இவர் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ பிஸ்கெட் கொடுத்தார்கள். ஆறரைக்கு இரண்டாவது கல் தலை காட்டியபோது பைக் பசங்கள் கை தட்டினார்கள்! சாலைப் பணி ஜேசிபி ஒன்று வந்து காரை இழுத்துப் போட்டது. ஏழரைக்கு வெள்ளைக் கல் வெளியே வந்தது. "இப்ப போகச் சொல்லு."

போனோம். அந்த டிரைவர் அதற்கப்புறம் மணாலி வரைக்கும் எல்லாவற்றுக்கும் மாமா முகத்தைப் பார்த்தான்.

அடல் சுரங்கம் 9 கி.மீ., 2020இல் திறந்தது, உள்ளே குழல்விளக்கு வெளிச்சம், வழவழ சாலை, பத்து நிமிஷம். அந்தப் பக்கம் செனாப், இந்தப் பக்கம் பியாஸ். வெளியே வந்தால் கொட்டும் மழை. ஆறு நாளாகக் காய்ந்த மலையையே பார்த்த கண்ணுக்கு, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த ஒவ்வொரு தேவதாருவும் நனைந்த யானை மாதிரி இருந்தது.

நள்ளிரவுக்கு மேல் ஒரு ஓட்டல் கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே பியாஸ் இரைகிறது, கூரையில் மழை அடிக்கிறது, குளியலறைக் குழாயைத் திறந்தால் காற்று. ரிசப்ஷன் பையனைக் கேட்டேன். மோட்டார் ரிப்பேர், காலையில் வரும் என்றான்.

மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு, வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போனார்.